புகைக்குள் போன பெண் அழைப்பு

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை மீட்டெடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி உங்களை அதிகம் படுத்தாது. அதற்குள் அசைகிற உருப்படிகளே கொஞ்சம்தான். கோளாறு என்றால் புகையாகவோ சத்தமாகவோ சொல்லிவிடும். உங்களைப் படுத்தப்போகிறவர்கள் வண்டியைச் சுற்றி நிற்கிற மனிதர்கள். அவர்களிடமிருந்து புகையும் வராது, சத்தமும் வராது. சிரித்த முகமாக நிற்பார்கள்.

அருப்புக்கோட்டையில் வெகுகாலம் பட்டறை வைத்திருந்தேன். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் முழங்கால் மடங்க மறுக்கிறது என்று அர்த்தம். வாய் நன்றாகத்தான் இருக்கிறது. கார்புரேட்டரை எப்படிக் கழற்றுவது, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்தபின் எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் உங்கள் கைபேசியில் வீடியோவாகக் கொட்டிக்கிடக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. வீடியோ எடுக்கிறவர் வீட்டில் கல்யாணம் நடக்காது, சம்மந்தி முறைக்க மாட்டார், மேளக்காரர் இரும மாட்டார். நமக்கு அதெல்லாம் உண்டு. பட்டறையை விடுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த வண்டிகளைப் பற்றிப் பேசும்போது இப்போது பலருக்குக் கண் கலங்குகிறது. எனக்குக் கலங்காது. நான் சொல்லப்போகிற நூறு சிசி வண்டியின் எடுப்பு நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். முறுக்கினால் தாவும். ஆனால் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் நிற்கும். விளக்கைப் போட்டால் விளக்கு எரிகிறது என்பது மட்டும் தெரியும், ரோடு தெரியாது. இதைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மாற்ற வேண்டும். அதுதான் நம் வேலை.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து சுப்புராஜ் அண்ணன் தன் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பருத்தி விதைக்கிற சம்சாரி. இளவட்டமாக இருந்தபோது வாங்கிய வண்டி. கடைசிச் சில வருடங்களாகப் பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சீட்டை எலி தின்றிருந்தது. கூடவே அவர் மகள் ராஜியும் வந்திருந்தாள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். காரியாபட்டியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள்.

"சோலை, ஒரு நட்டு மாறக் கூடாதுப்பா. நான் வாங்கயில எப்படி இருந்துச்சோ, அப்படியே கைக்கு வரணும்" என்றார் அண்ணன்.

"சித்தப்பா, முன்னாடி டிஸ்க் பிரேக்கு போடுங்க. லைட்டு நல்லா அடிக்கணும். மழையில ஸ்டார்ட் ஆகலைங்கிற பேச்சே இருக்கக் கூடாது" என்றாள் மகள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரே வண்டியைப் பற்றித்தான் சொன்னார்கள்.

வண்டி யாருக்கு என்று கேட்டேன். அண்ணன் மகளைக் கை காட்டினார். ராஜி பள்ளிக்கூடம் படிக்கும்போதே கண்மாய்க் கரையில் இந்த வண்டியில்தான் பழகியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு இதை எடுத்துக்கொண்டு போய், காரியாபட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு வேலைக்குப் போவதாகத் திட்டம். அந்த ரோட்டில் லாரிகள் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். லேபில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்காக நின்று நின்று அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. யாரையும் கேட்காமல், யாருக்காகவும் காத்திருக்காமல் புறப்பட வேண்டும் என்பதுதான் அந்தப் பெண்ணின் ஆசை. அதை அவள் நீட்டி முழக்கவில்லை. "எனக்கு நேரத்துக்குப் போகணும் சித்தப்பா" என்றாள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நீங்கள் தடுமாறுவீர்கள். யார் பேச்சைக் கேட்பது? நான் ஒரு வழி வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் அப்பாவுக்குக் கொடுத்தேன், உயிரைக் காக்கிற எல்லாவற்றையும் மகளுக்குக் கொடுத்தேன். டேங்கின் பழைய நிறம், பக்கவாட்டுக் கோடு, வட்ட விளக்கு, அந்தக் கோழிக்குஞ்சு மாதிரி கத்தும் ஹாரன் எல்லாம் அப்படியே. விளக்குக்குள்ளே புது பல்பு, பொறி கொடுக்கிற பழைய பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன், இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனாலுக்குத் தாங்குகிற புது ரப்பர் குழாய்கள், நல்ல பிடிமானமுள்ள டயர். டிஸ்க்கை மட்டும் மறைக்க முடியவில்லை.

"ஏலே, என்னது இது? சோறு திங்கிற தட்டை எடுத்து வீல்ல மாட்டியிருக்க?" என்றார் அண்ணன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் வடை வாங்கிக்கொண்டு வந்தார்.

இனி எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் பெட்ரோலோடு எண்ணெயும் போய் எரிய வேண்டும். அந்த எண்ணெய்க்கென்று இந்த வண்டியில் தனித் தொட்டி உண்டு. அதிலிருந்து அளந்து அனுப்பச் சின்னதாக ஒரு பம்பும் உண்டு. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் அந்தப் பம்பை நம்பியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வண்டி வாங்கிய சூட்டோடு பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்ரோல் டேங்கிலேயே கையால் எண்ணெய் ஊற்றுவதுதான் இங்கே வழக்கம். அதற்குக் காரணம் பயம். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூட்டில் பெருத்து அப்படியே பிடித்துக்கொள்ளும். சீஸ் ஆகிவிட்டது என்பார்கள். இந்தக் காட்டில் அப்படி நின்றுவிட்டால் சுற்றிலும் கருவேலமுள், தலைக்கு மேலே வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆள் கிடையாது. ஒரு தடவை அப்படித் தள்ளியவர் ஆயுளுக்கும் எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ண மாட்டார். அதனால் அளவுக்கு மேல் ஒரு ஊற்று ஊற்றுவது இங்கே கைப்பழக்கம். பின்னால் புகை வந்தால்தான் வண்டி நலமாக இருக்கிறது என்று நம்புகிற ஊர் இது.

ராஜி தினமும் எண்ணெய்ப் பாக்கெட்டும் கையுமாக அலைய முடியாது. அதனால் பம்பைத் தேடிப் பிடித்துப் பூட்டி, அளவு சரிபார்த்து, மெல்லிய புகையோடு ஓடுகிற மாதிரி செய்துவைத்தேன். அண்ணனையும் ராஜியையும் நிற்கவைத்துச் சொன்னேன்: "தனித் தொட்டியில எண்ணெய் ரொப்பியாச்சு. பம்பு அதுபாட்டுக்கு வேலையைப் பாக்கும். பெட்ரோல் டேங்குல மட்டும் யாரும் ஒரு சொட்டு ஊத்தாதீக."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டியைக் கொண்டுபோய் விட நான் ரெட்டியபட்டிக்குப் போன அன்று, மாப்பிள்ளை வீட்டார் பெண் அழைப்பு பற்றிப் பேச வந்திருந்தார்கள். கல்யாணம் திருச்சுழியில் ஒரு மண்டபத்தில். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணை அழைத்துப்போக வேண்டும். அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் மாப்பிள்ளையின் பெரியப்பா சீனிச்சாமி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற மனிதர். பந்தலில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ராஜி வந்து நின்றாள்.

"பெரிய மாமா, அழைப்புக்கு நான் எங்க வண்டியிலயே வாரேன். நான் ஓட்டுறேன், அப்பா பின்னால உக்காருவாக."

காப்பி டம்ளர்கள் எல்லாம் பாதி வழியில் நின்றன. சுப்புராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன பிரயோசனம்? நான் கூரையைப் பார்த்தேன்.

"எங்க வீட்டுக்கு வாற பொண்ணு கார்லதாம்மா வரும்" என்றார் சீனிச்சாமி.

"மறுவீட்டுக்குக் கார்ல வாரேன் மாமா. அழைப்புக்கு வண்டியில வாரேன்."

அவர் எழுந்துபோய் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து எஞ்சினைப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து சொன்னார்: "சரி, ஓட்டிக்கிட்டு வா. ஆனா வழியில ஒரு தடவை நின்னாலும் இறங்கிக் கார்ல ஏறிரணும். அப்படி நின்னுச்சுன்னா அந்த வண்டி காரியாபட்டிப் பக்கமே வரக் கூடாது. வேலைக்குப் பஸ்ஸுல போயிக்க. சம்மதமா?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ராஜி, "சம்மதம் மாமா" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணப் பேச்சில் என் வேலையைப் பணயம் வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. எஞ்சின் புதிதாகப் போர் அடித்தது. புதுப் பிஸ்டன் பழகும்வரை, ரன்னிங்-இன் என்பார்கள், மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். ராஜியிடம் இதைப் படித்துப் படித்துச் சொன்னேன்.

அழைப்பு நாள் வந்தது. பந்தலுக்குக் கீழே வண்டி மாலையோடு நின்றது. விளக்கில் சந்தனம், குங்குமம். ஒரு கிக்கில் பிடித்தது, மெல்லிய புகை, அழகான சத்தம். மாப்பிள்ளை வீட்டாரும் வந்து இறங்கிப் பந்தி தொடங்கியது; வண்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். தம்பிகளே, முக்கியமான நாளில் வண்டியை விட்டுவிட்டுப் பந்திக்குப் போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் வண்டியையும் இலைக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் புறப்பட்டார்கள். பட்டுச்சேலை பெட்டியில் வர, ராஜி சுடிதாரில் ஏறினாள். ஹெல்மெட் போட்டால் தலையில் பூ வைக்க முடியாது என்று பெண்கள் சண்டை பிடித்து, கடைசியில் மல்லிகைச் சரத்தை ஹெல்மெட்டைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். பின்னால் அண்ணன், பட்டு வேட்டியில், மடியில் தாம்பாளத் தட்டோடு. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை, எலுமிச்சம்பழம். அவர்களுக்குப் பின்னால் என் மொபெட்டில் நான். எனக்குப் பின்னால் சீனிச்சாமியின் கார், அதற்குப் பின்னால் வேன்.

ஊர் எல்லை தாண்டியதும் புகை வர ஆரம்பித்தது.

முதலில் கொஞ்சம். பிறகு நிறைய. பிறகு எனக்கு முன்னால் வண்டியே தெரியவில்லை; மல்லிகை கட்டிய ஹெல்மெட் மட்டும் நீலப் புகைக்கு மேலே மிதந்து போனது. எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டார். தீப்பிடித்த வண்டி வருகிறது என்று நினைத்திருக்கிறார். ரோட்டைக் கடந்த ஆட்டு மந்தை இரண்டாகப் பிரிந்தது; ஒரு பாதி எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது.

பம்பின் அளவைத் தப்பாக வைத்துவிட்டேனோ என்று எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. ஆனால் அந்தப் பம்பை முழுக்கத் திறந்துவிட்டாலும் இவ்வளவு வராது. சைலன்சர் வாயிலிருந்து கறுப்பாக எண்ணெய் தெறித்து என் சட்டையில் புள்ளி போட்டது. புரிந்துவிட்டது. யாரோ டேங்கில் ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் ஊற்றிக் கலக்காமல் விட்டிருக்கிறார்கள். எண்ணெய் அடியில் போய்த் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கார்புரேட்டரில் இருந்த நல்ல பெட்ரோல் தீரும்வரை வண்டி ஒழுங்காக இருந்தது. இப்போது ஏறக்குறைய எண்ணெயைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

திருச்சுழி நெருங்கும்போது சீனிச்சாமியின் கார் எங்களை முந்தியது. பெண்ணை வரவேற்க அவர் மண்டபத்து வாசலில் நிற்க வேண்டுமே. முந்தும்போது கண்ணாடியை இறக்கி வண்டியை ஒரு பார்வை பார்த்தார். ஜெயித்துவிட்டவர் பார்வை என்று நினைத்தேன். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போனது அந்த இடத்தில்தான்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். பெண் வந்ததும் நாதஸ்வரமும் தவிலும் முன்னால் புறப்பட்டன. அவர்கள் நடக்கிற வேகத்துக்கு வண்டியும் ஊர வேண்டும். எண்ணெய் மிஞ்சிய டூ-ஸ்ட்ரோக்குக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மெதுவாக ஓடினால் எரியாத எண்ணெய் பிளக்கின் முனையை நனைத்துவிடும், பொறி வராது, எஞ்சின் அணைந்துவிடும். சத்தம் மாறியது. விட்டு விட்டு அடித்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே என் உயிர் போய்ப் போய் வந்தது. அண்ணன் பின்சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது.

இப்போது என்ன செய்வீர்கள்? நிறுத்திப் பிளக்கைத் துடைத்துப் போட எனக்கு ஒரு நொடி வேலைதான். ஆனால் நிறுத்தினால் ராஜி தோற்றாள். மெதுவாகவே போனால் தானாக நிற்கும், அப்போதும் தோற்றாள். முறுக்கி ஓட்டினால் சூட்டில் எண்ணெய் எரிந்து பிளக் காய்ந்துவிடும். ஆனால் புதுப் பிஸ்டன், பிடித்துக்கொண்டால் மொத்த எஞ்சினும் போச்சு. மெதுவாக ஓட்டு என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னவன் நான்.

அப்போதுதான் உறைத்தது. பிஸ்டன் எண்ணெய் இல்லாமல்தானே பிடிக்கும்? இதோ, எஞ்சின் முழுக்க எண்ணெய். குளிப்பாட்டி வைத்திருக்கிறார்கள். அதுவே நினைத்தாலும் இன்றைக்குப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளாது. தம்பிகளே, மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது எதற்காக வந்த விதி என்று தெரிந்தவனுக்குத்தான் அதை எப்போது மீறலாம் என்பதும் தெரியும். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவன் அன்றைக்கு அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றியிருப்பான்.

மொபெட்டை முறுக்கிப் பக்கத்தில் போய்க் கத்தினேன்: "ராஜி, மேளத்தை முந்து! நல்லா முறுக்கிப் போ!"

"ரன்னிங்-இன்ல முறுக்கக் கூடாதுன்னு நீங்கதான சித்தப்பா சொன்னீக?"

"அது நேத்துச் சொன்னது. இப்பச் சொல்றேன், முறுக்கு தாயி!"

"மேளத்தை முந்திப் பொண்ணு போறதா? ஊரு என்ன பேசும்?" என்று அண்ணன் பின்னாலிருந்து அலறினார்.

ராஜி ஊரைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. கியரை ஒன்று இறக்கினாள், முறுக்கினாள். வண்டி ஒரு நொடி திணறியது. பிறகு அதற்குள் இருந்த அத்தனை எண்ணெயும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நாதஸ்வரக்காரர் பாவம், மூச்சை இழுக்க வேண்டிய நேரம் பார்த்துப் புகையை இழுத்துவிட்டார். ராகம் எங்கே போய் நின்றது என்று அவருக்கே தெரியாது. தவில்காரர் மட்டும் விடவில்லை. ஒன்றும் தெரியாத புகைக்குள் நின்றபடி அடித்துக்கொண்டே இருந்தார். தொழில்காரர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

புகையின் அந்தப் பக்கம் சத்தம் தெளிந்துகொண்டே போனது. முதலில் கரகரப்பு, பிறகு இழைந்து வந்த ஒரே ரீங்காரம். நான் தினமும் கேட்ட அதே சத்தம். சொல்ல வெட்கமாக இல்லை, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி புகையால்.

மண்டபத்து வாசலில் யாரும் தயாராக இல்லை. ஆரத்தித் தட்டை உள்ளே இன்னும் கரைத்துக்கொண்டிருந்தார்கள். சீனிச்சாமி மட்டும் தோளில் துண்டைச் சரிசெய்தபடி வாசலின் நடுவில் நின்றார். மேளம் இல்லாமல், கூட்டம் இல்லாமல், பெண் மட்டும் பறந்து வருவதைப் பார்த்து நகரவும் மறந்துவிட்டார். ராஜி முன் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி முன்பக்கம் அமுங்கி, அவர் வேட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அண்ணன் அப்படியே முன்னால் சறுக்கி மகள் முதுகோடு ஒட்டிக்கொண்டார். தட்டை விடவில்லை. எலுமிச்சம்பழம் மட்டும் உருண்டுபோய்ச் சீனிச்சாமியின் செருப்பருகே நின்றது.

பழைய பிரேக்காக இருந்தால் அன்றைக்குக் கல்யாணத்துக்கு முன்னால் வேறு காரியம் நடந்திருக்கும். அதன்பிறகு அண்ணன் டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ராஜி எஞ்சினை அணைக்காமல் பெரிய மாமாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அணைச்சிரு தாயி" என்றார் சீனிச்சாமி. "நிக்காம வந்து சேந்துட்ட. உள்ள போயி முகத்தைக் கழுவு."

அவள் சாவியைத் திருகினாள். இறங்கி, கீழே கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தாள்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. பெண்ணை உள்ளே அழைத்துப்போனதும் வண்டியை மண்டபத்துக்குப் பின்னால், சமையல்கட்டுப் பக்கம் தள்ளிப்போய், டேங்கை ஒரு வாளியில் வடித்தேன். பெட்ரோலுக்கு அடியில் எண்ணெய் பச்சையாகத் திரண்டு நின்றது. சுப்புராஜ் அண்ணனை வரச் சொன்னேன்.

"யாருண்ணே ஊத்துனது?"

அண்ணன் பக்கத்திலிருந்த வேப்பமரத்தை ஆராய்ந்தார். "ஒரே ஒரு பாக்கெட்டுதான் சோலை. பம்பு புதுசுல்ல? அதுக்கு ஒரு தொணையா இருக்கட்டும்னு..."

பம்புக்குத் துணையாம். நான் வாயைத் திறப்பதற்குள் ராஜி வந்துவிட்டாள். பட்டுச்சேலை மாற்றியிருந்தாள். வாளியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "நானும் கொஞ்சம் ஊத்துனேன் சித்தப்பா. காலையில. நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா பயமா இருந்துச்சு. நின்னுட்டா எல்லாம் போச்சேன்னு..."

லேபில் சொட்டுச் சொட்டாக அளந்து வேலை செய்கிற பெண். அவளுக்கே அப்படி. ரெட்டியபட்டி ரத்தம்.

ஆனால் வாளியிலிருந்த எண்ணெய் இந்த இரண்டு பேர் கணக்கில் அடங்கவில்லை. சமையல்கட்டு வாசலில் சீனிச்சாமி வந்து நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தபடியே சொன்னேன்: "மிச்சத்தை ஊத்துனது வேற ஆளு. வண்டி வழியில நிக்கணும்னு நெனைச்ச ஆளு."

அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். விடிந்தால் கல்யாணம். சம்மந்தி வீட்டுப் பெரிய மனிதரைப் பார்த்து ஒரு மெக்கானிக் இப்படிப் பேசினால் என்ன ஆகும்? அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

சீனிச்சாமி நிதானமாக நடந்து வந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, வாய் கிழித்த எண்ணெய்ப் பாக்கெட்டுகளை எடுத்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த வெள்ளைச் சட்டைப் பையில் பச்சையாகக் கறை பிடித்திருந்தது.

"நான்தான் ஊத்துனேன். எல்லாரும் பந்தியில இருக்கயில."

அண்ணன் என் சட்டையை விட்டுவிட்டார். சீனிச்சாமி தொடர்ந்தார்.

"நானும் இதே வண்டிதான்யா வச்சிருந்தேன். கல்யாணமாகி மறுவீட்டுக்குப் போகயில நடுக்காட்டுல சீஸ் ஆயிருச்சு. புதுப்பொண்டாட்டியைப் பட்டுச்சேலையோட பின்னால நின்னு தள்ளச் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறா. இந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு அசிங்கம் வந்துறக் கூடாதேன்னு கைநிறைய ஊத்திவிட்டேன். காருல முந்தயில புகையைப் பாத்தேன். சரி, எண்ணெய் பத்தும்னு நிம்மதியாப் போனேன்."

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அப்பறம் எதுக்கு சம்மந்தி, நின்னாக் கார்ல ஏறணும்னு அன்னைக்கு அப்படிப் பேசுனீக?"

"நின்னா ஏறணும்னுதான் சொன்னேன்" என்றார் சீனிச்சாமி. "நிக்கட்டும்னு எப்பச் சொன்னேன்?"

ராஜிதான் முதலில் சிரித்தாள். பிறகு அண்ணன். சமையல்காரர்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். அந்த மனிதரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. அவர் மேல் திடீரென்று பெரிய பிரியமும் வந்துவிட்டது. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் வயது எனக்கு இல்லை.

எதிரி யாராவது கை வைத்து வண்டி கெட்டதை என் பட்டறை வாழ்க்கையில் நான் அதிகம் பார்த்ததில்லை. அக்கறை உள்ளவர்கள் கை வைத்துத்தான் கெடும். ஆளுக்கு ஒரு கை ஊற்றுவார்கள். ஒருவர் ஊற்றியது இன்னொருவருக்குத் தெரியாது. ஆகவே வேலையை முடிக்கும்போது வண்டியை மட்டும் சரிபார்த்தால் போதாது. அதன்மேல் உயிரை வைத்திருப்பவர்கள் யார் யார் என்று பார்த்து, அவர்கள் கையையும் கட்டிவைக்க வேண்டும்.

மறுநாள் காலை அருப்புக்கோட்டைக்கு ஆளை அனுப்பி, பூட்டு வைத்த டேங்கு மூடி ஒன்றை வாங்கிவரச் சொன்னேன். அந்த வண்டியில் நான் செய்த கடைசி மேம்பாடு அதுதான். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, எல்லாரும் காரியாபட்டிக்குப் புறப்படும்போது பூட்டி முடித்தேன். புதுப் பெட்ரோல், தெளிந்த சத்தம். கார் வாசலில் மாலையோடு நின்றது. அதில் ஏறச் சொல்லி ராஜியை யாரும் கூப்பிடவில்லை.

மூடிக்கு இரண்டு சாவிகள். "ஒண்ணு உனக்கு. இன்னொன்னு யாருகிட்ட குடுக்க?" என்று ராஜியிடம் கேட்டேன்.

சுப்புராஜ் அண்ணன் கையை நீட்டினார். அதே நேரத்தில் சீனிச்சாமியும் கையை நீட்டினார்.

ராஜி இரண்டு கைகளையும் பார்த்தாள். இரண்டு சாவிகளையும் வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிக்கரை உதைத்தாள். மாப்பிள்ளை விவரமான பையன். கையையே நீட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேசாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.